பட்டாலையில் கட்டுவதா, பார்சலில் வரவழைப்பதா?

எங்கள் பெட்டியைத் திறந்தால் உள்ளே 14 கம்பிகள் இருக்கும். 5 ஹெச்.பி. வரைக்குமான மூன்று பேஸ் பம்ப் கன்ட்ரோலர் அது. தடித்த கம்பி 6, காண்டாக்டருக்கும் (மோட்டாரை ஓடவிட்டு நிறுத்தும் சுவிட்ச்) டெர்மினல் பிளாக்குக்கும் நடுவே. மெல்லிய கம்பி 8, மெயின் போர்டுக்கும் டிஸ்ப்ளே போர்டுக்கும் நடுவே. இவற்றை அளந்து வெட்டி, முனையில் உறையைச் சீவி, லக்கோ டெர்மினலோ (கம்பி முனையைக் கவ்வும் உலோகத் துண்டு) அடித்து, ஹவுசிங் என்ற பிளாஸ்டிக் கூட்டில் ஏற்றி, டை போட்டுக் கட்டினால் அதுதான் வயர் ஹார்னஸ். காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் பட்டாலையை, அதாவது கூடத்தை, வாடகைக்கு எடுத்து மாதம் 100 பெட்டி செய்கிறோம். போர்டு டிசைனுக்கு ஒரு வருடம் மண்டையை உடைத்துக்கொண்ட நாங்கள், கம்பி விஷயத்தைக் 'கடைசியில் பார்த்துக்கலாம்' என்று தள்ளிவிட்டோம். தேவகோட்டை, புதுக்கோட்டைப் பக்கம் இதே மாதிரி தொழிலில் இறங்குகிறவர்கள் இப்போது எங்களிடம் வந்து கேட்கும் முதல் கேள்வி அதைப் பற்றித்தான்: ஹார்னஸை நாமே கட்டுவதா, வெளியே கொடுப்பதா?

கணக்கை முதலில் போட்டுவிடலாம். 14 கம்பிக்கு 28 முனை. 100 பெட்டிக்கு 2,800 கிரிம்ப், அதாவது அந்த உலோகத் துண்டை முனையில் அழுத்திக் கவ்வவைப்பது. கையால் சீவி அடிக்க முனைக்கு அரை நிமிடம் என்று வைத்தால் 1,400 நிமிடம், 23 மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒரு ஆளுக்கு மூன்று நாள். வெட்டுவது, ஏற்றுவது, கட்டுவது, சோதிப்பது எல்லாம் சேர்ந்தால் ஒரு வாரம் ஓடிவிடும். இதைப் பார்த்ததும் 'இதுக்குப் போய் மெஷினா?' என்றும் தோன்றும், 'மாசத்துல ஒரு வாரம் ஒரு ஆளு இதுக்கேவா?' என்றும் தோன்றும். இரண்டுமே நியாயம். ஆனால் கூலியை மட்டும் வைத்து முடிவெடுத்தால் ஐந்தொகை உதைக்கும். கூலி அதில் ஒரு வரி, திரும்பி வருகிற பெட்டி இன்னொரு வரி. இரண்டாவது வரிதான் எங்களைக் கடித்தது.

முதல் வருடம் ஹார்னஸ் முழுவதையும் வெளியூர் யூனிட் ஒன்றிடம் கொடுத்திருந்தோம். பார்சல் வந்ததும் பிரித்துப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. டை எல்லாம் ஒரே இடைவெளியில், நிறம் மாறாமல், நீளம் பிசகாமல். மல்டிமீட்டரைப் பஸ்ஸரில் வைத்து ஒவ்வொரு கம்பியாகத் தொட்டோம். எல்லாம் கத்தியது. பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டோம். மூன்று மாதம் கழித்துக் கோடையில் ஒரு தோட்டத்துக்காரர் போன் செய்தார்: "தம்பி, மோட்டார் ஓடுது, நிக்குது, ஓடுது, நிக்குது. உள்ள ஏதோ தீஞ்ச வாசம் வருது." போய்த் திறந்தால், காண்டாக்டருக்குப் போகும் லக்கின் கழுத்து காப்பிக் கலரில் இருந்தது. அறுத்துப் பார்த்தோம். செம்பு இழைகளைப் பிடிக்க வேண்டிய இடத்தில் பாதிக்குமேல் பிவிசி உறையைப் பிடித்துக்கொண்டிருந்தது. முனையை ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகச் சீவியிருந்தால் நடந்திருக்காது.

பஸ்ஸர் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்பதை இந்த வேலைக்கு வருகிற எல்லாரும் ஒருமுறை யோசிக்க வேண்டும். பல மீட்டர்களில் 30 ஓம் இருந்தால்கூடப் பஸ்ஸர் கத்தும். நம்மைக் கொல்வதோ 0.05 ஓம். 5 ஹெச்.பி. மோட்டார் ஏறக்குறைய ஏழரை ஆம்பியர் இழுக்கும். அந்த மின்னோட்டம் 0.05 ஓம் முனை வழியே போனால் 2.8 வாட் சூடு, ஒரு நெல்மணி அளவு இடத்தில். மோட்டார் கிளம்பும்போது ஆறு மடங்கு இழுக்கிறது என்றால் சூடு 36 மடங்கு, அந்தச் சில நொடிக்கு 100 வாட். பேஸ் வந்து வந்து போகிற ஊரில் மோட்டார் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கிளம்புகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சூட்டுக்கும் பிடி இன்னும் கொஞ்சம் தளர்கிறது.

அதனால் யாரிடம் கொடுப்பது என்று பார்ப்பதற்கு முன்னால், நல்ல கிரிம்பைக் கண்ணால் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். நகைக்கடையில் வைத்திருப்பார்களே, அந்தப் பத்து மடங்கு லென்ஸ் போதும். மெல்லிய கம்பி டெர்மினலில் இரண்டு ஜோடி இறக்கைகள் இருக்கும். முன் ஜோடி செம்பைப் பிடிக்க, பின் ஜோடி உறையைப் பிடிக்க. இரண்டுக்கும் நடுவே சின்னச் சந்து. அந்தச் சந்தில் செம்பும் தெரிய வேண்டும், உறையின் விளிம்பும் தெரிய வேண்டும். செம்பு மட்டும் தெரிந்தால் உறைக்குப் பிடிமானம் இல்லை, ஆட்டத்தில் ஒடியும். உறை மட்டும் தெரிந்தால் எங்கள் தோட்டத்துக் கதைதான். முன் ஜோடியின் முன்பக்கம் இழைகளின் நுனி கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். முன் ஜோடியின் ஓரம் நாதஸ்வர வாய் மாதிரி லேசாக விரிந்திருக்க வேண்டும். விரியாமல் கூராக இருந்தால் அந்த விளிம்பே இழையை அறுக்கும். கேபிள், ஹார்னஸ் வேலைக்கென்று உலகம் முழுக்க வைத்துக்கொள்ளும் ஐபிசி ஏ-620 தர ஆவணம் படம் படமாகப் போட்டுக் காட்டுவது பெரும்பாலும் இதைத்தான். 

கண்ணுக்கு அடுத்தது இழுவை. யூஎல் 486ஏ என்ற அமெரிக்கத் தர அட்டவணைப்படி 22 ஏடபிள்யூஜி கம்பி (அமெரிக்கக் கம்பி அளவு, எண் கூடினால் கம்பி மெலிசு) 8 பவுண்டுக்கும், 16 ஏடபிள்யூஜி கம்பி 30 பவுண்டுக்கும் பிடுங்கிக்கொண்டு வரக் கூடாது. நம் கணக்கில் சுமார் 3.6 கிலோ, 13.6 கிலோ. பெட்டி எடை பார்க்கிற டிஜிட்டல் தொங்கு தராசில் மாட்டி இழுத்தாலே தேறும், தேறாது என்பது தெரிந்துவிடும். இழுத்துப் பார்த்த முனையை மறுபடி பெட்டியில் போடாதீர்கள். வெட்டி எறிந்துவிடுங்கள்.

இனி வழிகளுக்கு வருவோம். கையால் அடிப்பது எல்லாரும் தொடங்குகிற இடம், ஏளனமாக நினைக்க ஒன்றுமில்லை. தடித்த கம்பிக்கு, உறை போட்ட மூடிய வாய் லக்குக்கு, இதுவே போதும் என்பது என் கருத்து. சிவப்பு லக் 0.5 முதல் 1.5 சதுர மி.மீ. வரை, நீலம் 1.5 முதல் 2.5 வரை, மஞ்சள் 4 முதல் 6 வரை. கிரிம்பரிலும் அதே நிறப் பொட்டு இருக்கும். சிவப்பைச் சிவப்பில் வைத்து அடித்தால் பாதிப் பிழை போய்விடும். ஒரே நிபந்தனை, ராட்செட் உள்ள கருவியாக இருக்க வேண்டும். முழுதாக அழுத்தாமல் விடவே விடாது, அதுதான் அதன் அருமை. சாதாரண கொரடு மாதிரி இருக்கும் கிரிம்பரில் காலை பத்து மணி கிரிம்ப் ஒரு மாதிரியும், மாலை ஐந்து மணி கிரிம்ப் வேறு மாதிரியும் இருக்கும். கை அசந்துபோவது அதில் அப்படியே பதியும்.

மெல்லிய கம்பிக்கு இதே கதை பொருந்தாது. எங்கள் டிஸ்ப்ளே கனெக்டர் ஜேஎஸ்டி கம்பெனியின் எக்ஸ்ஹெச் வகை, முனைக்கு முனை இடைவெளி 2.5 மி.மீ. அதற்குக் கம்பெனியின் சொந்தக் கைக்கருவி பல்லாயிரம் ரூபாய். ஆயிரம், ரெண்டாயிரத்துக்குக் கிடைக்கிற பொதுக் கருவி எல்லா டெர்மினலுக்கும் 'ஏறக்குறைய' பொருந்தும். அந்த ஏறக்குறையவில்தான் வம்பு. இறக்கை ஒரு பக்கம் சாய்ந்து மடங்கும், டெர்மினல் வாழைப்பழம் மாதிரி வளையும், ஹவுசிங்கில் நேராக ஏறாது. பத்தில் எட்டு நன்றாக வரும். ஒரு பெட்டிக்கு 16 முனை என்றால் மூன்று தப்பு. பழகிய கை இதைவிட நன்றாகச் செய்யும், ஆனால் பழகிய கை தீபாவளிக்கு ஊருக்குப் போனால் அந்த வாரம் பெட்டி நிற்கும்.

இந்த இடத்தில் ஒரு புலம்பல். கிரிம்ப் சரியாக உட்காரவில்லை என்றதும் நம் ஆட்கள் உடனே ஈயத்தை ஏற்றிவிடுவார்கள். 'பத்து வருஷத்துக்கு அசையாது சார்' என்பார்கள். ஈயம் இழைகளுக்குள் உறிஞ்சிக்கொண்டு உள்ளே போகும். அது முடிகிற இடத்தில் வளையாத பாகமும் வளைகிற பாகமும் சேரும். அதிர்வில் கம்பி ஒடிவது சரியாக அந்த இடத்தில்தான். பம்புப் பக்கத்துச் சுவரில் மாட்டும் பெட்டிக்கு அதிர்வுக்கா பஞ்சம்? ஸ்க்ரூ டெர்மினலுக்குப் போகும் முனையில் ஈயம் பூசுவதும் அப்படியே. ஈயம் அழுத்தத்தில் மெள்ள நழுவும், ஸ்க்ரூ தளரும். அங்கே ஃபெரூல் என்ற சின்ன உலோகக் குழாய் போட்டு அடியுங்கள், இல்லையென்றால் வெறும் இழையாகவே விடுங்கள்.

ரெடிமேட் கம்பி என்று ஒன்று இருக்கிறது. பலர் இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. டெர்மினல் ஏற்கெனவே அடித்த கம்பி, ஹவுசிங்கோடு அல்லது தனியாக, 10, 15, 20, 30 செ.மீ. என்று நிலையான நீளங்களில். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கட்டுக் கட்டாகக் கிடைக்கும், ஆன்லைனிலும் வரும். மெஷினில் அடித்ததால் கிரிம்ப் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும். நீளம் நமக்குச் சரிப்பட்டு வரவில்லை என்றால் பெட்டிக்குள் போர்டை நகர்த்தி வைக்கலாம். நாங்கள் டிஸ்ப்ளே போர்டை இரண்டு செ.மீ. கீழே இறக்கினோம், 20 செ.மீ. கம்பி கச்சிதமாகப் பொருந்தியது. ஹார்னஸுக்காகப் பெட்டியை மாற்றுவதா என்று எங்கள் டிசைன் தம்பி முறைத்தான். இரண்டு செ.மீ.க்காக மாதம் 1,600 கிரிம்ப் அடிக்கலாமா என்று கேட்டதும் சரி என்றுவிட்டான்.

இதில் கவனிக்க வேண்டியது செம்பு. விலை மலிவாக இருந்தால் பிளேடால் இழையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக வந்தால் அலுமினியத்துக்குச் செம்பு முலாம். காந்தம் ஒட்டினால் இரும்பு. செம்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்தால் என்ன ஆகும் என்பதைக் காரைக்குடிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆய்வகமான செக்ரி ஊருக்குள்ளேயே இருக்கிறது. அரிமானம், அதாவது உலோகம் அரித்துப்போவது, பற்றிய ஆராய்ச்சி அங்கே அன்றாட வேலை.

மெஷின் வாங்கும் ஆசை எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் வரும். எனக்கும் வந்தது. கிரிம்ப் அடிக்கும் இரண்டு டன் மேசை பிரஸ் பெரிய விஷயமில்லை, சாதாரண ஒற்றை பேஸ் கரண்டில் ஓடும். கணக்கைக் கெடுப்பது அப்ளிகேட்டர், பிரஸ்ஸில் மாட்டும் அச்சு. ஒவ்வொரு டெர்மினலுக்கும் தனி அப்ளிகேட்டர் வேண்டும். எக்ஸ்ஹெச்சுக்கு வாங்கியது இன்னொரு கனெக்டருக்கு உதவாது. அப்புறம் ரீல். எக்ஸ்ஹெச் டெர்மினல் ரீலுக்கு 8,000 வரும். நம் கணக்கில் ஐந்து மாதச் சரக்கு. அதற்குள் டிசைன் தம்பி கனெக்டரை மாற்றினால் மீதி ரீலை அலமாரியில் வைத்துப் பூஜை செய்யலாம். இன்னொன்றையும் யாரும் சொல்லமாட்டார்கள்: கிரிம்ப் உயரம் அளக்கக் கூர்முனை மைக்ரோமீட்டர் வேண்டும். கிரிம்ப் உயரத்தில் பொதுவாக 0.05 மி.மீ. இங்கே அங்கே போகத்தான் அனுமதி. மெஷின் சரியாக அடித்தால் ஆயிரமும் சரியாக இருக்கும், தப்பாக அடித்தால் ஆயிரமும் தப்பாக இருக்கும். கைக்கருவி அவ்வளவு வேகமாகக் கெடுக்காது.

வெளியே ஜாப் ஒர்க் கொடுப்பதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சூடுபட்ட பூனை மாதிரி பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கம் வண்டிகளுக்கு ஹார்னஸ் கட்டிக் கட்டிப் பழகிய கைகள் ஏராளம். கோவையில் பம்ப் பேனல் ஆட்களுக்கு வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நம்மைவிட நல்ல மெஷின், நம்மைவிட நல்ல டெஸ்டர். ஆனால் அவர்களுக்கு மாதம் 100 பெட்டி என்பது பந்தியில் கடைசி இலை. பெரிய ஆர்டர் வந்தால் நம் சரக்கு ஓரமாக நகரும், அல்லது புது ஆள் கையில் போகும். எங்களுக்கு அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

கொடுப்பதென்றால் வரைபடத்தைச் சும்மா வாட்ஸ்ஆப்பில் அனுப்பாதீர்கள். ஒவ்வொரு கம்பிக்கும் எண், நிறம், அளவு, நீளம், எங்கிருந்து எங்கே, எந்த டெர்மினல், எவ்வளவு சீவ வேண்டும், எவ்வளவு இழுவை தாங்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் ஐந்து செட் வந்ததும் ஒன்றை அறுத்துப் பார்க்க வேண்டும். கம்பி, டெர்மினல் நம்முடையது, வேலை மட்டும் அவர்களுடையது என்றால் ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆம் பிரிவுப்படி வரி கட்டாமல் டெலிவரி சலானில் அனுப்பலாம். ஒரு வருடத்துக்குள் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான். அவர்கள் பதிவு பெற்ற சிறு நிறுவனமாக இருந்தால் 45 நாளைத் தாண்டிக் காசை இழுக்க முடியாது, எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள். நமக்கு வர வேண்டிய பணம் எப்போது வரும் என்று பார்த்துவிட்டு இதில் கையெழுத்துப் போடுங்கள்.

சீனாவிலிருந்து வரவழைப்பது பற்றியும் கேட்கிறார்கள். ஆயிரக்கணக்கில், இரண்டு வருடத்துக்கு மாறாத டிசைன் என்றால் யோசிக்கலாம். நம் அளவுக்கு அது சிக்கனம் இல்லை, சிக்கல்.

வீட்டுக்குக் கொடுத்துச் செய்வது பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். கண்டனூர்ப் பக்கத்தில் ஒரு அக்கா, ஓலைக் கொட்டான் முடைகிறவர், எங்களுக்கு ஹவுசிங் ஏற்றுகிற வேலையும் ஸ்லீவ் போட்டுக் கட்டுகிற வேலையும் செய்கிறார். பீஸ் கணக்கு. கிரிம்ப் அடிக்கக் கொடுப்பதில்லை, அதற்குக் கருவியும் அளவும் வேண்டும். ஆனால் எந்த நிறம் எந்தத் துளையில் என்பதில் அவர் கண் எங்கள் டெஸ்டரைவிடக் கூர்மை. கொட்டானில் ஒரு ஓலை தடம் மாறினால் நான்கு வரிசை தள்ளிப் பூ கோணலாகிவிடும் அல்லவா, அந்தப் பழக்கம். போன மாதம் பையைக் கொண்டுவந்து வைத்தவர் ஒரு செட்டைத் தனியாக எடுத்துக் கொடுத்தார்.

"தம்பி, இந்தச் சிவப்பு மட்டும் லேசா பின்னாடி நிக்குது பாருங்க. தள்ளுனா போகுது, விட்டா வருது."

வாங்கிப் பார்த்தேன். டெர்மினலின் முதுகில் இருக்கும் சின்ன நாக்கு ஹவுசிங்கின் பள்ளத்தில் போய்ச் சிக்கவில்லை. பஸ்ஸர் வைத்தால் கத்தியிருக்கும். பெட்டியில் மாட்டும்போது பின்னால் நழுவியிருக்கும். 'டிக்'கென்று சத்தம் கேட்டால்தான் உட்கார்ந்தது என்று அர்த்தம், அப்புறம் கம்பியை லேசாகப் பின்னால் இழுத்துப் பார்க்க வேண்டும் என்று எங்கள் பையன்களுக்கு ஆறு மாதமாகச் சொல்லிவருகிறேன்.

எங்கள் தீர்மானம் இதிலிருந்துதான் வந்தது. ஹார்னஸ் என்பதை ஒரே சரக்காக நினைத்ததுதான் தொடக்கத்தில் செய்த தப்பு. முழுதாக உள்ளே, இல்லை முழுதாக வெளியே என்று யோசித்துக்கொண்டிருந்தோம். தடித்த கம்பி ஆறும், அவற்றின் 12 முனையும், பட்டாலையிலேயே. பெட்டி எரிவது அங்கேதான், அதனால் அந்தக் கிரிம்ப் நம் கண்ணுக்குக் கீழே இருக்க வேண்டும். ராட்செட் கருவி இரண்டு, லென்ஸ் ஒன்று, தொங்கு தராசு ஒன்று. நூறு முனைக்கு இரண்டை இழுத்துப் பார்த்துத் தேதி போட்டு நோட்டில் எழுதுகிறோம். மெல்லிய கம்பி ரெடிமேட். ஒவ்வொரு கட்டிலும் ஒன்றைச் சுரண்டிப் பார்த்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போகிறது. இரண்டும் ஒட்டுப்பலகையில் ஆணி அடித்து வைத்த ஹார்னஸ் போர்டில் வந்து சேர்கின்றன. வரைபடத்தை ஒன்றுக்கு ஒன்று அளவில் அச்சடித்து அதன்மேல் ஒட்டியிருக்கிறோம், கம்பியைக் கோட்டின் மேலேயே வைத்து ஓட்ட வேண்டியதுதான். நீளம் குறைந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

மாதம் 500 பெட்டி ஆனாலோ, அடுத்த சாமானிலும் அதே எக்ஸ்ஹெச் கனெக்டரைப் போட்டாலோ கணக்கு மாறும். அப்போது ஒரு ரீல் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும், ஒரு பிரஸ், ஒரு அப்ளிகேட்டர் என்று இறங்கலாம். அதற்காக இப்போதே ஒரு வேலை செய்திருக்கிறோம்: புதுப் போர்டு வரையும்போது இருக்கிற கனெக்டரைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது என்று டிசைன் தம்பியிடம் எழுதி வாங்கியாயிற்று. அவன் இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறான். தோட்டத்திலிருந்து வந்த காப்பிக் கலர் லக்கை ஒரு சின்ன கவரில் போட்டு ஹார்னஸ் போர்டின் மூலையில் ஆணியில் மாட்டியிருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் கையில் கொடுக்கிறோம், லென்ஸோடு.